ஜன்னல் வழியாகப் போன கோடு

சுகாதார நிலையத்தின் சுவரில் வரைந்திருந்த காசநோய்க் கணக்குக் கோடு ஒரு திங்கட்கிழமை காலையில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று ஜன்னல் வழியாக வெளியே போனது. முதலில் பார்த்தவர் பெருக்குகிறவர். யாரோ பிள்ளைகள் கிறுக்கிவிட்டதாக நினைத்து ஈரத்துணியால் துடைத்தார். துடைத்த இடத்தில் கோடு இன்னும் பளிச்சென்று தெரிந்தது. துணியைப் பிழிந்து உதறிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். அவருக்கு வேலை பாக்கி இருந்தது.

அந்தக் கோட்டை மாதாமாதம் நீட்டி வந்தவள் நிலையத்தில் கணக்கெழுதும் பெண். மொத்தம்மா என்று அவளுக்குப் பெயர் விழுந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. காய்ச்சல், கட்டு, தடுப்பூசி, பிரசவம் எதைக் கொடுத்தாலும் கூட்டி மொத்தம் சொல்லிவிடுவாள். அவள் கூட்டலில் தப்பு கண்டுபிடித்தவர் கிடையாது. தினசரிப் பதிவேட்டில் ஆண், பெண் என்று இரண்டு பத்திகள் உண்டு. மாத அறிக்கையில் ஒரே கட்டம். முன்பு அதிலும் இரண்டு இருந்தன. ஏதோ ஒரு வருடம், காகிதம் மிச்சமாகும் என்று தலைமை அலுவலகம் ஒன்றாக்கிவிட்டது. வேலை பாதியானதில் மொத்தம்மாவுக்கு அப்போது சந்தோஷம்தான். மாதக் கடைசியில் இரண்டு பத்திகளையும் கூட்டிக் கட்டத்தில் எழுதுவாள். பிறகு நாற்காலிமேல் ஏறி, நீல எனாமலில் தூரிகையைத் தோய்த்து, புதிதாகக் கண்டுபிடித்த காசநோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கோட்டை ஒரு விரற்கடை நீட்டுவாள். கோடு அழகாக ஏறிக்கொண்டிருந்தது. ஏறுவது நல்லது என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். நோய் கூடுகிறது என்று அர்த்தமில்லை, ஒளிந்திருந்தது அகப்படுகிறது என்று அர்த்தம். வெளியிலிருந்து யார் வந்தாலும் அந்தச் சுவர்முன் நிறுத்திக் காட்டுவார்.

இப்போது மேல்கோடு மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. கீழ்க்கோடு சுவிட்சுப் பெட்டியைச் சுற்றி இறங்கி, ஜன்னல் கட்டையைத் தாண்டி, மதில்மேல் ஏறித் தெருவுக்குப் போயிருந்தது. பெயிண்டரை வரவழைத்தார்கள். அவர் வெள்ளை அடித்தார். அது காய்வதற்குள் இரண்டு கோடுகளும் மேலே வந்துவிட்டன. "சுவர் ஈரம் வாங்குது. பிரைமர் அடிக்காம வரைஞ்சா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அவர் கூலி வாங்கிக்கொண்டு போனார்.

வெளியே போன கோடு அவசரப்படவில்லை. நாளைக்கு ஒரு தெரு என்ற வேகத்தில் போனது. பென்சில் கனம் இருக்கும், தொட்டால் இளஞ்சூடு. தெருவைக் கடக்கும் இடங்களில் சுவரை விட்டுவிட்டுக் காற்றில் விறைப்பாக நின்றது. மின்சாரக் கம்பியென்று பயந்து சிலர் புகார் கொடுத்தார்கள். வந்த லைன்மேன் டெஸ்டரால் தொட்டுப் பார்த்து, இது எங்களுடையது இல்லை என்று எழுதிக் கொடுத்தார். டெலிபோன்காரர்களும் அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். கோடு சில வீடுகளுக்குள் நுழைந்து, சமையலறையிலோ கட்டிலருகிலோ ஒரு சின்ன முடிச்சைப் போட்டுவிட்டு, வேறு ஜன்னல் வழியாக அடுத்த வீட்டைத் தேடிப் போனது. மாதம் முடிவதற்குள் ஊருக்குப் பழகிவிட்டது. தெருவுக்குக் குறுக்கே நின்ற பகுதிகளில் துணி காயப்போட்டார்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று சிலர் நிலையத்துக்கு வந்து கேட்டார்கள். கோடு நுழைந்த ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண் இருமிக்கொண்டிருந்தாள். அதை யாரும் கவனிக்கவில்லை. இருமாத வீடு எங்கே இருக்கிறது.

மொத்தம்மாவின் கணவர் பஸ் ஓட்டுகிறவர். வீட்டில் இருக்கும் நேரம் குறைவு. அவருடைய தங்கை முன்னறையில் தையல் மிஷின் போட்டு ஆண்களுக்குச் சட்டை தைத்தாள். அண்ணியும் நாத்தனாரும் ரேடியோச் சத்தத்துக்காகவும் குழம்பில் உப்புக்காகவும் தினமும் சண்டை போட்டார்கள். சண்டை இல்லாத நாளில் கணவர், யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்பார். நாத்தனார் மழைக்காலத்திலிருந்து இருமிக்கொண்டிருந்தாள். உடம்பு இளைத்து, தன் ரவிக்கைகளையே இரண்டாவது தடவையாகப் பக்கவாட்டில் பிடித்துத் தைத்திருந்தாள். நிலையத்துக்குப் போய் இரண்டு முறை சளி கொடுத்தாள். இரண்டு முறையும் கிருமி இல்லை என்று வந்தது. அந்த இரண்டு 'இல்லை'களையும் மொத்தத்தில் சேர்த்தவள் மொத்தம்மாதான்.

ஒரு சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது கோடு கதவிடுக்கு வழியாக நுழைந்து, மிஷின் காலில் முடிச்சுப் போட்டிருந்தது. அங்கிருந்து மேலே எங்கும் போகவில்லை.

"வாங்க அண்ணி. உங்க ஆபீஸ் கோடு வந்திருக்கு. சம்பளம் இல்லாம வீட்டுக்கும் வேலை கொண்டு வர ஆரம்பிச்சாச்சா?" என்றாள் நாத்தனார். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்பதற்குள் நூல்கண்டு மேசையிலிருந்து விழுந்து கதவுவரை உருண்டு போனது.

மறுநாள் மொத்தம்மா பதிவேட்டை எடுத்து இரண்டு பத்திகளையும் தனித்தனியாகப் பார்த்தாள். சளி கொடுத்தவர்களில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சரிபாதி. கிருமி இருந்த ஆண்கள் பக்கம் பக்கமாக இருந்தார்கள். பெண்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கினார்கள். பெண்களைக் காசநோய் தொடாதோ என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு எழுந்து ஆய்வகத்துக்குப் போனாள்.

லேப்காரர் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்காமலே பதில் சொன்னார். "பொம்பளைங்க டப்பாவுல சளி எங்க இருக்கு? வெறும் எச்சில். எச்சில்ல தேடினா கிருமி எங்க கிடைக்கும்? இல்லைன்னு எழுதுறேன்."

"இத்தனை வருஷமா ஏன் சார் சொல்லல?"

"நீங்க கேக்கலையே. மொத்தம் எவ்வளவுன்னுதான் கேட்டீங்க."

அவர் கெட்டவர் இல்லை. கண்ணாடித் தகட்டில் தெரிந்ததை எழுதினார்.

அன்று சாயங்காலம் மொத்தம்மா கைப்பையை வைப்பதற்கு முன்பே கேட்டாள். "டப்பாவுல என்னடி துப்பின?"

"துப்பச் சொன்னாங்க, துப்பினேன்."

"நெஞ்சுலேர்ந்து இருமித் துப்பணும்னு சொன்னாங்களா இல்லையா?"

நாத்தனார் மிஷினை நிறுத்தினாள். "எங்க நின்னு அண்ணி? அந்தக் குழாயடியிலயா? எதிர்ல பஸ் ஸ்டாப்பு. அத்தனை பேரும் வாயப் பொளந்து பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. அதுல பாதிப் பேர் போட்டிருக்கிறது நான் தைச்ச சட்டை. அவங்க முன்னாடி காறித் துப்பிட்டு, மறுநாள் அளவெடுக்க டேப்பை அவங்க கழுத்துல போட்டா விடுவாங்களா?"

சளி எடுக்கும் இடம் வாசல் குழாயடியில் இருந்தது. காற்றோட்டம் வேண்டும் என்பது விதி. அங்கே காற்று இருந்தது. ஆண்களுக்கு அங்கே ஒரு சங்கடமும் இல்லை. சிலர் இருமிய இருமலுக்கு பஸ்ஸுக்கு நின்றவர்கள் அடேயப்பா என்றார்கள். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு டப்பாவை ஈரம் பண்ணி மூடிக் கொடுத்தார்கள். மொத்தம்மா தினமும் அந்தக் குழாயைத் தாண்டித்தான் வேலைக்குப் போனாள்.

இன்னொரு முறை சளி கொடுக்க நாத்தனார் சம்மதிக்கவில்லை. இருக்கிறது என்று வந்துவிட்டால் தொழில் போய்விடும் என்றாள். வராவிட்டால் நீயே போய்விடுவாய் என்று மொத்தம்மா சொல்லவில்லை. கோடு மிஷின் காலில் தினம் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றியது. மிதிபலகை இறுகியது. நாத்தனார் மூச்சு வாங்கிக்கொண்டு மிதித்தாள். மொத்தம்மா டாக்டரிடம் கேட்டு நிலையத்து மொட்டைமாடிச் சாவியை வாங்கிக்கொண்டு வந்தாள். "ஆபீஸுக்கு ஒரு திரை தைக்கணும். பெரிய ஆர்டர். உன்னால முடியலன்னா வேற ஆள் பாக்கறேன்" என்றாள். நாத்தனாருக்குக் கோபம் வந்தது. வெட்டிப்போட்ட சட்டைத் துண்டுகளையெல்லாம் ஒட்டித் தைத்தாள். ஊரிலிருந்த ஆண்கள் அத்தனை பேருடைய கோடும் கட்டமும் அதில் இருந்தன. மாடியில் திரையைத் தொங்கவிடக் கயிறு தேடினார்கள். நீலக் கோடு ஏற்கெனவே குறுக்கே வந்து நின்றிருந்தது. அதிலேயே தொங்கவிட்டார்கள்.

"தைச்சவதான் சரியா இருக்கான்னு உள்ள போய்ப் பாக்கணும்" என்று மொத்தம்மா டப்பாவை நீட்டினாள்.

நாத்தனார் அவளை முறைத்தாள். பிறகு வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வெகுநேரம் சத்தமே இல்லை. "கீழ கேக்குமா அண்ணி?" என்று திரைக்குள்ளிருந்து குரல் வந்தது. மொத்தம்மா கைப்பிடிச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, தானே உரக்க இருமினாள். லாரி கிளம்புவதுபோல இருந்தது. புறாக்கள் எழுந்து பறந்தன. உள்ளே நாத்தனார் சிரித்தாள். சிரிப்பு நெஞ்சைக் கலக்கியது, நெஞ்சு கொடுத்தது. அவள் வெளியே வந்தபோது டப்பாவில் வேண்டியது இருந்தது.

லேப்காரர் ஒரு முறை பார்த்தார். தகட்டை நகர்த்தி மறுபடியும் பார்த்தார். "இருக்கு மொத்தம்மா" என்றார். அவள் ஆய்வகப் படியில் உட்கார்ந்தாள். ஒரு எண்ணை எதோடும் கூட்டாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்று.

மாத்திரை ஆறு மாதம். அந்த நாட்களில் வாடிக்கைக்காரர்களில் சிலர் வேறு கடைக்குப் போனார்கள். காலர் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்ற சட்டைகளோடு அவர்களே திரும்பி வந்தார்கள். நாத்தனார் கோடு போன வீடுகளுக்கெல்லாம் போனாள். முடிச்சைப் பார்த்தாள், இருமுகிறவளைப் பார்த்தாள், மாடியைப் பற்றிச் சொன்னாள். திரை என்றதும் வந்தார்கள். அவர்கள் வந்த முதல் மாதக் கடைசியில் மொத்தம்மா அறிக்கையின் ஒரே கட்டத்தில், நடுவே கோடு கிழித்து, இரண்டு எண்களை எழுதினாள். மேலதிகாரி ஜீப்பில் வந்துவிட்டார்.

"ஒரு கட்டத்துல ரெண்டு எண் எழுதினா கம்ப்யூட்டர் ஏத்துக்காதும்மா."

"சுவர் ஏத்துக்கிச்சு சார்."

அவர் சுவரைப் பார்த்தார். கீழ்க்கோட்டிலிருந்து ஒரு கிளை பிரிந்து மேலே ஏறத் தொடங்கியிருந்தது. ஜீப்பில் ஏறிக் கிளம்பினார். கோட்டின் ஓர் இழை ஜீப்பின் பின்கொக்கியில் மாட்டிக்கொண்டு, நூல்கண்டு பிரிவதுபோல அவர் பின்னாலேயே போனது. தலைமை அலுவலகத்தில் படியேறி, கோப்பு அறைகளைச் சுற்றி, இயக்குநரின் நாற்காலிக் காலில் நின்றது. அடுத்த வருடப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் வந்தன. காகித விலை குறைந்ததால் என்று சுற்றறிக்கை சொன்னது.

இதற்குப் பின் ஒரு கோடையில், மேலே இருந்த ஆண்களின் கோடும் சுவரை விட்டுப் போனது. அது வாசல் வழியாகவே போனது. பட்டறைக்கும், சரக்கு ஏற்றும் இடத்துக்கும், பஸ் டிப்போவுக்கும் போய்ச் சுற்றியது. மொத்தம்மா இப்போது பெயிண்டரைக் கூப்பிடவில்லை. பதிவேட்டை எடுத்தாள். ஆண்கள் சளி கொடுப்பதில் சூரர்கள். மாத்திரையைப் பாதியில் விட்டுவிட்டார்கள். மாத்திரை தரும் நேரமும் வேலை தொடங்கும் நேரமும் ஒன்றாக இருந்தது. சாயங்காலமும் மாத்திரை கொடுக்க ஏற்பாடு செய்தாள். கோடு கிரீஸ் கறையோடு திரும்பி வந்து சுவரேறியது.

இதற்கெல்லாம் முன்பே, ஆறு மாதம் முடிந்து நாத்தனார் கடைசி மாத்திரையைச் சாப்பிட்ட மறுநாள், மிஷின் காலில் இருந்த முடிச்சு தானாக அவிழ்ந்திருந்தது. உடம்பு தேறியதில் தன் ரவிக்கைகளின் பக்கத் தையலை அவள் முன்பே பிரித்துவிட்டிருந்தாள். ஆனாலும் குறைப்பட்டுக்கொண்டாள். தைத்து முடித்த சட்டைகளை இவ்வளவு நாளும் அந்தக் கோட்டில்தான் மாட்டிவைத்திருந்தாள். "எனக்குன்னு ஒரு முழம் விட்டு வெச்சிருக்கக் கூடாதா அண்ணி?" என்றாள். "ஆபீஸ் சொத்துடி" என்றாள் மொத்தம்மா. சாயங்காலம் அண்ணன் ஒரு கயிறு வாங்கிவந்து கட்டினார். கயிறு தொய்ந்தது. அதற்காக ஒரு சண்டை நடந்தது.

கோடு கதவிடுக்கு வழியாக வெளியேறி, மாவு மில்லைத் தாண்டி, மூன்றாவது தெருவில் திரும்பியது. அங்கே இருமிக்கொண்டிருந்த ஒருத்தி அது வருவதை ஜன்னலிலிருந்து பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். தலையை வாரிக்கொண்டாள். கோடு உள்ளே வந்துபோக ஒரு விரற்கடை இடம் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, நிலையத்து மாடிக்குக் கிளம்பினாள்.