மிளகு மூட்டை உதைக்காது

டிஜிட்டல் தராசு காட்டும் நிறையைப் படித்துக் கணினிக்குச் சொல்லும் நிரல்தொகுப்பு ஒன்றை எழுதியிருந்தேன். யாரும் அதை எடுத்துத் தங்கள் புரோகிராமுக்குள் பொருத்திக்கொள்ளலாம். முதலில் பொருத்தியது மாத்தளை டவுனில் ஜைனுதீன் ஹாஜியாரின் மிளகுக் கடையில். நிறை சற்றுத் தடுமாறினாலும் ‘பிழை’ என்று காட்டிவிட்டு, முழுப் புரோகிராமையும் இழுத்து மூடிவிடும். வீட்டில் பூனைகூட என் சொல் கேட்பதில்லை. அதனால் என் கண்டிப்பையெல்லாம் இந்தத் தொகுப்புக்குள் கொட்டியிருந்தேன். மிளகு மூட்டைகளும் ஒத்துழைத்தன.

இரண்டாவதாகப் பொருத்தியவள் சிவரூபினி. இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக் கிளினிக்கில் குழந்தைகளின் நிறையைப் பதியும் புரோகிராம் அவளுடையது. முதல் நாளே போன் வந்தது.

“அண்ணே, ஒடனே வாங்க. புள்ளைங்க காலை ஆட்டுதுங்க, ஒங்க சாமான் செத்துப்போகுது.”

“ஆடாம படுக்கச் சொல்லு.”

“ஆறு மாசப் புள்ளைக்கிட்டயா? நீங்களே வந்து சொல்லுங்க.”

பஸ் ஏறிப் போனேன். நீள வாங்குப் பலகையில் தாய்மார் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு குழந்தை உதைத்தது, திரை கறுத்தது, சிவரூபினி மறுபடியும் பாஸ்வேர்ட் அடித்தாள். தாய்சேய் பார்க்கும் மருத்துவமாது றிஸ்மியா மிஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இவருதானா?”

நான்தான். மூலையில் லெப்டொப்பைத் திறந்து, நிறை தடுமாறினால் வாய் திறக்காமல், கடைசியாகச் சரியாக வந்த நிறையையே கொடுத்துவிடும்படி மாற்றினேன். அடுத்து வந்த கொழுகொழுப் பெண் குழந்தை அசையாமல் படுத்தாள். நிறை பதிவானது. எனக்கு ஒரு பிளேன்டீகூட வந்தது.

அவளுக்கு அடுத்தது கஸ்தூரியின் மகன். இரண்டு மாதமாக அவனுக்கு நிறை ஏறவில்லை. இன்றும் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதாக மிஸ் சொல்லியிருந்தார். கஸ்தூரி அங்கே தங்குவதற்கான துணிப்பையோடுதான் வந்திருந்தாள். தராசுத் தட்டில் பையன் ஓர் ஆட்டமே ஆடினான். திரை மூடவில்லை. சிவரூபினி நிறையை வாசித்தாள்.

“ஏறிருச்சா மிஸ்? அப்ப வீட்டுக்குப் போகலாமா?” கஸ்தூரி துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

றிஸ்மியா மிஸ் பையனைத் தூக்கிப் பார்த்தார். “பொறுங்க. கையில அப்படித் தெரியலையே.”

சிவரூபினி திரையைப் பார்த்தாள். பிறகு வாங்கில் பிஸ்கட் சப்பிக்கொண்டிருந்த கொழுகொழுப் பெண்ணைப் பார்த்தாள்.

“அண்ணே, இது அந்தப் புள்ளையோட நிறை!”

பிளேன்டீயைக் கீழே வைத்தேன். முன்பு என் புரோகிராம் செத்தாலும் நேர்மையாகச் செத்தது. இப்போது அதற்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருந்தேன்.

“திரும்ப மூடுற மாதிரியே மாத்திடவா?” என்றேன்.

“ரெண்டும் வேணாம். முடிவு நீங்க எடுக்காதீங்க. என்ன நடந்திச்சுன்னு மட்டும் எங்கிட்ட சொல்லுங்க. என்ன செய்யிறதுன்னு மிஸ்ஸைக் கேட்டு நான் எழுதிக்கிறேன்.”

“அப்ப ஹாஜியார் கடையில?”

“அங்க மூடணும்னா மூடட்டும். அது அவரு விருப்பம்.”

லெப்டொப்பை மறுபடி திறந்தேன். நிறை தடுமாறுகிறதா, வயர் கழன்றதா, தட்டு வெறுமையா என்று பிரித்துச் சொல்வதோடு என் வேலை முடியும். பொருத்தியவர் ஒன்றும் சொல்லாவிட்டால் மட்டும் பழையபடி மூடும். நான் முடித்ததும் சிவரூபினி தன் பங்கை எழுதினாள்.

பையனை மறுபடி வைத்தார்கள். ஆடினான். திரையில் எழுத்து வந்தது: ‘குழந்தை அசைகிறது. மீண்டும் பார்க்கவா? தாயோடு சேர்த்துப் பார்க்கவா?’

றிஸ்மியா மிஸ் இரண்டாவதைத் தொட்டார். தட்டைக் கழற்றிவிட்டால் பெரியவர்களும் ஏறக்கூடிய தராசு அது. கஸ்தூரி மகனோடு ஏறினாள். பிறகு அவனை என் கையில் திணித்துவிட்டுத் தனியாக ஏறினாள். கழித்து வந்த நிறையைச் சிவரூபினி மெதுவாக வாசித்தாள்.

“கொஞ்சந்தான். ஆனா ஏறியிருக்கு,” என்றார் மிஸ். “ஆஸ்பத்திரி இப்ப வேணாம். அடுத்த மாசம் கூட்டிக்கிட்டு வாங்க.”

“இது மெய்யாவா மிஸ்?”

மிஸ் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அந்த நேரம் பார்த்துப் பையன் உதைத்தான்; என் கண்ணாடி பறந்து வாங்குக்கு அடியில் விழுந்தது.

“குழந்தை அசைகிறது,” என்று நடந்ததை மட்டும் சொன்னேன். முடிவைக் கஸ்தூரியிடம் விட்டேன். அவள் சிரித்துக்கொண்டே அவனை வாங்கிக்கொண்டாள்.