லண்டன் சட்டமும் செயின்ட்-மிஷேல் வீடும்

மொன்றியல் வாழ் தமிழ்ப் பெருங்குடி மக்களுக்கு ஒரு மாபெரும் அறிவித்தல். வீடு வாங்கியோர், வாங்கவிருப்போர், வாங்குவதாகக் கனவேனும் கண்டோர் யாவரும் திரண்டு வருக. இங்கிலாந்து தேசத்தில் பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்து, அங்குள்ள வீட்டுச் சட்டங்களைக் கரைத்துக் குடித்த சட்ட வித்தகர் தியாகலிங்கம் அவர்கள், ஞாயிறு மாலை நான்கு மணிக்குத் தேவாலய நிலக்கீழ் மண்டபத்தில் சிறப்புரை ஆற்றுவார். பொன்னாடை போர்த்தப்படும். தேநீரும் ரோல்ஸும் உண்டு.

இந்த அறிவித்தல் பலசரக்குக் கடைக் கதவில், ஆட்டிறைச்சி விலைக்கு நேர் கீழே ஒட்டப்பட்டிருந்தது.

சிவாஜினி அதைப் படித்தபோது அவளுடைய பையில் பதினொரு பக்கப் பத்திரம் ஒன்று இருந்தது. லொங்குய்யில் ஒரு கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், பன்னிரண்டு ஆண்டுகளாகக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். வெள்ளிக்கிழமை மதியம் எட்டுக் குழந்தைகளுக்கும் சோறூட்டித் தூங்க வைத்துவிட்டு, அந்தப் பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் இரண்டு தடவை வாசித்திருந்தாள். செயின்ட்-மிஷேலில் மேலும் கீழுமாக இரண்டு குடும்பம் இருக்கக்கூடிய பழைய வீடு ஒன்றை வாங்குவதாக, அவளும் கணவன் நிஷானும் எழுதிக்கொடுக்க வேண்டிய வாக்குறுதி அது. எங்கள் ஆட்கள் செல்லமாக ‘ஒஃபர்’ என்பார்கள். முழுவதும் பிரெஞ்சு.

இரண்டு இடம் அவளுக்கு உறுத்தியது. விற்பவரும் கையெழுத்திட்டால் அந்த நிமிடமே இரு தரப்பும் கட்டுப்பட்டவர்கள் என்று இருந்தது ஓரிடத்தில். வீட்டைப் பரிசோதகரை வைத்துப் பார்த்து, குறை இருந்தால் விலகலாம் என்ற நிபந்தனைக்குரிய கட்டமோ வெறுமையாக இருந்தது.

“கட்டத்துக்குப் புள்ளடி போடச் சொல்லி ஏஜென்ட்டிட்டக் கேளுங்கோ,” என்றாள் அன்று மாலை நிஷானிடம்.

“போட்டா விக்கிறவன் வேற ஆளுக்குக் குடுத்திடுவானாம். லண்டன் தியாகு மாமாவைக் கேட்டனான். ‘இப்ப சைன் பண்ணு, பிடிக்காட்டிப் பேந்து விடலாம்’ எண்டவர்.”

“மாமா இந்தப் பேப்பரை வாசிச்சவரோ?”

“அவர் ஏன் வாசிக்கோணும்? அவருக்குத் தெரியும்.”

எங்கள் சமூகத்தில் இது நெடுநாள் ஏற்பாடு. வாசிக்கிறவர் ஒருவர், தெரிந்தவர் இன்னொருவர். பள்ளிக்கூடக் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம், மின்சாரப் பில் எல்லாம் அந்த வீட்டில் வாசித்து விளக்குவது சிவாஜினிதான். வீடு வாங்குவது என்று வந்தால் மட்டும் டை கட்டிய ஒருவர் தேவைப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் வீடு விற்றுத்தரும் ஏஜென்ட் மாதவன். ரோல்ஸ் அவர் உபயம். கூட்டம் முடிந்த கையோடு பத்திரத்தில் கையெழுத்து வைத்துத் தருவதாக நிஷான் அவரிடம் சொல்லியிருந்தான். பேனா சட்டைப் பையில் தயாராக இருந்தது.

தியாகலிங்கம் மைக்கை இரண்டு தரம் தட்டினார்.

“நான் ஹரோவில இருக்கேக்கை எத்தினை பேர் என்னைக் கேட்டு வீடு வாங்கினவை! ஒண்டை மட்டும் நினைவில வைச்சிருங்கோ. கொன்ட்ராக்ட் எக்ஸ்சேஞ்ச் ஆகிற, அதாவது ரெண்டு பகுதியும் ஒப்பந்தத்தை மாத்திக்கொள்ளுற வரைக்கும் ஒருத்தரும் கட்டுப்பட்டவரில்லை. வாங்கிறவரும் விலகலாம், விக்கிறவரும் விலகலாம். ஆனபடியால் பயப்பிடாமல் சைன் பண்ணுங்கோ!”

கைதட்டல். இங்கிலாந்துக்கு அவர் சொன்னது சரிதான். மண்டபம்தான் மொன்றியலில் இருந்தது.

சிவாஜினி எழுந்தாள். கேள்விகளைத் துண்டில் எழுதிக் கூட்டத் தலைவரிடம் கொடுப்பதே அங்கே வழக்கம். அவற்றில் சங்கடமானவை தலைவரின் சட்டைப் பையிலேயே தங்கிவிடும்.

“மாமா, நீங்கள் சொன்னது எந்த நாட்டுச் சட்டம்?”

“சட்டம் எண்டால் சட்டம்தான் பிள்ளை. இங்கயும் அங்கயும் ராசா ஒராள்தானே?”

சபை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. மேடைக்கு நடந்து போய்ப் பத்திரத்தை அவர் முன்னால் வைத்தாள்.

“அப்ப இந்த மூண்டாம் பக்கத்தை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ.”

தியாகலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பக்கத்தைத் திருப்பினார். பின்புறமும் அதே சங்கடம்.

“இது பிரெஞ்சில கிடக்கு.”

“ஓம். வீடும் பிரெஞ்சிலதான் கிடக்கு.”

நிஷான் எழுந்தோடி வந்து அவள் கையைப் பிடித்தான். “வந்து இரும், சிவா. மானம் போகுது.”

“போகட்டும். மானம் போனா நாலு நாளில திரும்பி வரும். இந்தக் கையெழுத்துத் திரும்பி வராது.”

அந்தப் பக்கத்தைப் பிரெஞ்சில் உரக்க வாசித்தாள். பிறகு தமிழில் சொன்னாள். விற்பவர் ஒப்புக்கொண்டபின், நிபந்தனை எதுவும் எழுதாத வாங்குபவர் விலகினால், விற்பவர் வழக்குப் போட்டு அவரை வீட்டை வாங்கச் செய்யலாம், இல்லாவிட்டால் நட்டஈடு கேட்கலாம் என்றாள்.

“பிள்ளை உணர்ச்சிவசப்படுறா,” என்றார் தியாகலிங்கம், மைக்கில்.

அப்போது பின்வரிசையில் கணேசலிங்கம் எழுந்தார். கையில் பாதி கடித்த ரோல்.

“அவ சொல்லுறது சரி. மூண்டு வரியத்துக்கு முந்தி, தியாகர் அண்ணை, உங்கட சொல்லைக் கேட்டுத்தான் நான் கையெழுத்து வைச்சனான். பேந்து வேண்டாமெண்டு விட்டன். விக்கிறவன் கோட்டுக்குப் போனான். நட்டஈடு இண்டைக்கும் கட்டுறன்.”

“ஏன் அண்ணை ஒருத்தருக்கும் சொல்லேல்லை?” என்று கேட்டாள் சிவாஜினி.

“வெக்கம், பிள்ளை.”

இடது பக்கத்தில் இன்னொரு கை மெல்ல உயர்ந்தது. பிறகு ஒரு பெண்ணின் கை. அவர்களும் அதே சொல்லைக் கேட்டுக் கையெழுத்து வைத்தவர்கள்.

“பாருங்கோ,” என்றாள் சிவாஜினி. “வெக்கத்தில நீங்கள் வாயைத் திறக்கேல்லை. மரியாதையில நாங்கள் கேள்வி கேக்கேல்லை. இதால நாசமாப் போறது வீடு வாங்கிற சனம். கையெழுத்து எங்கடையெண்டால் வாசிக்கிறதும் நாங்களாத்தான் இருக்கோணும். விளங்காட்டி வீட்டு உறுதி எழுதுற இந்த ஊர் நொத்தாரிசிட்டக் கேக்கோணும். வேற நாட்டுச் சட்டத்தைச் சொல்லி ஆரும் எங்களைச் சைன் பண்ண வைக்கேலாது.”

நிஷான் அவள் கையை விட்டான். பிறகு சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினான். “கட்டத்துக்கு முதல் புள்ளடி போடும். பேந்து நான் சைன் பண்ணுறன்.”

அவள் புள்ளடி போட்டு, பக்கத்தில் பரிசோதனைக்குப் பத்து நாள் தவணை என்று எழுதினாள்.

“அக்கா, விக்கிறவர் ஓம் எண்டு சொல்லமாட்டார்,” என்றார் மாதவன்.

“மாட்டாட்டி வேற வீடு பாப்பம். நீங்கள் ரோல்ஸைச் சாப்பிடுங்கோ.”

விற்பவர் ஓம் என்றார். வேறு ஆள் யாரும் வரிசையில் நின்றிருக்கவில்லை. எட்டாம் நாள் பரிசோதகர் வந்தார். நிலவறைச் சுவரைப் புத்தம் புதிய பலகை அழகாக மூடியிருந்தது. விற்பவரின் சம்மதத்தோடு ஒரு பலகையைக் கழற்றினார்கள். அத்திவாரத்தில் ஒரு வெடிப்பு, சிவாஜினியின் கார்டெரிப் பிள்ளை கையை முழுதாக நுழைக்குமளவுக்கு. தவணைக்குள் அறிக்கையை இணைத்து, எழுத்தில் அறிவித்து, அவர்கள் விலகினார்கள். ஒருவரும் கோட்டுக்குப் போகவில்லை.

பொன்னாடை? முன்கூட்டியே வாங்கியாகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமையே தியாகலிங்கத்துக்குப் போர்த்தினார்கள்.

மூன்று வாரத்தில் அந்த வீடு விற்றுப்போனது. பரிசோதனை வைக்காமல் வாங்கியவர் தியாகலிங்கத்தின் மகளைக் கட்டிய மருமகன்.