களத்தில் நின்ற வேன்

சிங்காரவேலுக்குப் பாலைவனத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டுகிற வேலை. மாசக்கணக்காக மணலிலும் இரைச்சலிலும் கிடந்துவிட்டு, லீவு கிடைத்தால் தஞ்சாவூருக்கு வருவான். வந்தால் கை சும்மா இருக்காது. இந்தத் தடவை ஒரு பழைய பள்ளிக்கூட வேனை வாங்கி, சீட்டையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, உள்ளே படுக்கை, அடுப்பு, துணி உலர்த்தக் கொடி, கூரைமேல் சோலார் தகடு, தண்ணீர்த் தொட்டி, அதிலிருந்து பின்பக்கம் தொங்கும் நீளக் குழாய் என்று ஒரு குடித்தனத்தையே ஏற்றிவிட்டான். “நல்ல வீடு இருக்கறப்ப வீட்டை எதுக்கு ரோட்டுல ஓட்டணும்?” என்று அவன் மனைவி ஆனந்தவல்லி கேட்டாள். கேட்டதோடு சரி. மார்கழி பிறந்ததும் பிள்ளைகளுக்குக் குரங்குக் குல்லா வாங்கக் கடைக்கு ஓடியவளும் அவள்தான்.

கோடியக்கரைக்குப் போய்ப் பூநாரை பார்ப்பது என்று ஏற்பாடு. பஸ்ஸில் போனால் ஒரு பொழுதில் போய்ச் சேரலாம். இவர்கள் நத்தை போல ஊர்ந்தார்கள். வாய்க்கால் கண்ட இடத்தில் நிறுத்தினார்கள், மதகு கண்ட இடத்தில் உப்புமா கிண்டினார்கள். பெரியவள் பிரகதிக்கு ஐந்து வயசு, வாய் ஓயாது. சின்னவன் ராசுவுக்கு அப்பா என்றால் செல்போனுக்குள் இருக்கிற ஆள். நேரில் வந்து நின்றவனை அவன் லேசில் நம்பவில்லை. அப்பன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, “அம்மா, அப்பாவுக்குப் போன் போடு” என்பான். சிங்காரவேலு சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்க்கிறபோதெல்லாம் ஆனந்தவல்லிக்கு நெஞ்சு வலித்தது.

மன்னார்குடி தாண்டியதும் எல்லாம் மாறிப்போயிற்று. இரண்டு பக்கமும் பால் பிடித்த சம்பாப் பயிர், அதன்மேல் பனி. ரோடு எங்கே முடிகிறது, வயல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கொக்குகள் வெள்ளையில் வெள்ளையாக எழும்பிக் காணாமல் போயின. ஓட்ட முடியாமல் வேனை ஓரமாக நிறுத்திவிட்டு, சுக்குக் காபி வாசனையும் ஈரத் துணி வாசனையும் கலந்த அந்தத் தகரக் கூட்டுக்குள் நாலு பேரும் ஒருவர் மூச்சில் ஒருவர் கிடந்தார்கள். ராசு எப்போது நகர்ந்தான் என்று யாரும் பார்க்கவில்லை. அவள் திரும்பியபோது அவன் அப்பன் மார்பின்மேல் குப்புறப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். சிங்காரவேலு கால் மரத்துப் போயும் அசையாமல் கிடந்தான்.

திருத்துறைப்பூண்டி தாண்டி, அந்தி மங்குகிற நேரத்தில், ஓர் ஊர் ஓரமாகக் காலியாகக் கிடந்த களத்தில் வேனை நிறுத்தினார்கள். அறுப்புக்கு இன்னும் நாள் இருந்ததால் களத்தில் புல்தான் முளைத்திருந்தது. ஊரில் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். பனி, பசி, பிள்ளைகள் நச்சரிப்பு, சொல்லவில்லை. போதாக்குறைக்கு சிங்காரவேலு, குளிருக்குக் கம்பெனி கொடுத்த ஆரஞ்சு கோட்டை மாட்டிக்கொண்டு, கையில் டார்ச்சோடு களத்தைச் சுற்றி வந்தான். வேன் புதைந்துவிடக் கூடாதே என்று ஓர் இரும்புக் கம்பியை அங்கங்கே தரையில் குத்திக் குத்திப் பார்த்தான். தொழில் புத்தி, வேறென்ன.

அந்த நடையை முடித்துவிட்டு வந்துதான் விஷயத்தைச் சொன்னான்.

“ஆனந்தி, ஒரு வேலை வந்திருக்கு. இங்கயே, நம்ம பக்கத்துலயே. எண்ணெய்க் கிணறுதான். பொங்கலுக்குள்ள பதில் சொல்லணுமாம்.”

“அப்ப திரும்பப் போகவேணாமா?”

“வேணாம். தினம் வீட்டுக்கு வந்துடலாம்.”

“இதுல என்னைக் கேக்க என்ன இருக்கு? சரின்னு சொல்லுங்க.”

விழித்துக் கிடந்த பிரகதி எழுந்து உட்கார்ந்து, “அப்பா இங்கயே இருப்பாங்களா?” என்று கேட்டாள். இருப்பார் என்று சொன்னதும் படுத்துவிட்டாள். ஆனந்தவல்லிக்குத்தான் வெகுநேரம் தூக்கம் பிடிக்கவில்லை. தனியாகப் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனது, தனியாகக் காய்ச்சல் பார்த்தது எல்லாம் இத்தோடு தீர்ந்தது என்று நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டாள். இந்தச் சந்தோஷத்துக்காக அவள் என்ன வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள்.

காலையில் பிரகதிதான் முதலில் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள்.

“அம்மா, வீடு ஆத்துல போகுது.”

கனவு காண்கிறாள் என்று நினைத்து எட்டிப் பார்த்த ஆனந்தவல்லிக்கும் அப்படித்தான் தோன்றியது. தரை இல்லை. வேனைச் சுற்றி எங்கும் தண்ணீர், தண்ணீருக்குமேல் பனி. கீழே வானம், மேலே வானம், நடுவில் தன் குடும்பம் மட்டும் மிதக்கிறது. கொஞ்ச நேரம் அவளுக்குப் பயமே வரவில்லை. இப்படியே மிதந்து எங்காவது போய்விடலாம் என்றுகூட இருந்தது. அப்புறம் பனிக்குள்ளிருந்து ஆட்கள் வந்தார்கள், தோளில் மண்வெட்டியோடு.

முன்னால் வந்தவர் வீரையன். ஐம்பது வயசிருக்கும், வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். “வண்டியைக் கிளப்பப் பாக்காதீங்க சார். களிமண்ணு, இழுத்துரும். வாய்க்காலைத் திருப்பி விட்டிருக்கோம். போன தடவை நிலத்தை அளந்து கல்லு நட வந்த கம்பெனிக்காரங்களையும் இப்படித்தான் நிறுத்தினோம்.”

“நாங்க பறவை பாக்கப் போறவங்க. புள்ளைங்க இருக்கு” என்றான் சிங்காரவேலு.

“அந்தியில கம்பியால தரையைக் குத்திப் பாத்தது பறவையா? மேல தகடு, பின்னால குழாயி. எங்களுக்குத் தெரியாதா?”

இவனைப் பேசவிட்டால் நாள் முழுக்க விளக்கம் சொல்வான் என்று ஆனந்தவல்லிக்குத் தெரியும். அவள் வேனின் பக்கக் கதவை அகலத் திறந்துவிட்டு, “நீங்களே பாத்துக்குங்க” என்றாள். மண்வெட்டிக்காரர்களை விலக்கிக்கொண்டு ஒரு பெண் தண்ணீரில் நடந்து வந்து தலையை உள்ளே நீட்டினாள். கண்ணாத்தாள் என்று பெயர். தோசை மாவுப் பாத்திரத்தையும், குல்லாவுக்குள் முழிக்கிற இரண்டு முகங்களையும், கொடியில் வரிசையாகத் தொங்கிய துணிகளையும் பார்த்தாள்.

“ஏ வீரையா, கம்பெனிக்காரன் ஜட்டி இம்புட்டுச் சின்னதாவா இருக்கும்?”

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. வீரையனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒருவர் போய் மடையை அடைத்தார். இன்னொருவர் வைக்கோலுக்கு ஓடினார். கண்ணாத்தாள் ஆளுக்கொரு இடுப்பாக இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு கரையேறி, பக்கத்தில் இருந்த தன் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனாள். புருஷனும் பெண்டாட்டியும் பின்னாலேயே போனார்கள். சுடச்சுடக் கஞ்சி வந்தது, தேங்காய்த் துவையலோடு. ராசுவை மடியில் வைத்து ஊதி ஊதி ஊட்டினாள்.

“தப்பா நினைச்சுக்காத தங்கச்சி” என்றாள். “எங்க மாமனாரு காலத்துல கூலிக்குக் கால்படி நெல்லு கூடக் கேட்டதுக்கு அடி வாங்கினாங்க. அப்புறம் இந்த மனைக்கட்டுக்குப் போராடினாங்க. கூலி வேலை பாத்துப் பாத்து, இப்பதான் எங்க பேருல ரெண்டு மா நிலம் பட்டாவாகியிருக்கு. பட்டா கைக்கு வந்த கையோட, இதுக்கு அடியில எண்ணெய் இருக்குன்னு வந்து நிக்கிறாங்க. தண்ணி உப்பாயிட்டா நாங்க எங்க போறது?”

ஆனந்தவல்லி கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணாத்தாள் பேச்சை மாற்றுகிறவள்போல பிரகதியின் குல்லாவைச் சரிசெய்து, “ஒங்கப்பா என்ன வேலைடி பாக்குறாரு, இப்படி வண்டியையே வீடாக்கியிருக்காரு?” என்று கேட்டாள்.

“எங்கப்பா பூமியில ஓட்டை போடுவாங்க. ரொம்ப ஆழமா. இனிமே இங்கயே போடப் போறாங்க. அப்புறம் எங்ககூடயே இருப்பாங்க.”

பிள்ளைக்குச் சொல்லும்போதே முகமெல்லாம் பூரிப்பு. வைக்கோல் கட்டோடு வந்த வீரையன் அப்படியே நின்றார். சிங்காரவேலு தலையைக் குனிந்துகொண்டான். ஆனந்தவல்லி திட்டுக்காகக் காத்திருந்தாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருந்தால் தேவலை. தானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லி, கோபத்தோடு வண்டி ஏறியிருக்கலாம்.

கண்ணாத்தாளின் கை பாதியில் நின்றது. ராசு வாயைத் திறந்தபடி காத்திருந்தான். அவள் அந்த வாயையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் கரண்டியில் இருந்ததை இன்னொரு தரம் ஊதி, ஊட்டினாள்.

“புள்ளைங்க குளிர்ல நிக்குது. வைக்கலைப் போடு வீரையா” என்றாள்.

சக்கரத்துக்கு அடியில் வைக்கோல் போட்டார்கள். மண்வெட்டியைக் கரையில் வைத்துவிட்டு எல்லாருமாகச் சேர்ந்து தள்ளினார்கள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் ஒரு சொல் கடிந்து பேசவுமில்லை. வேன் சேற்றை வாரி அடித்துக்கொண்டு மேட்டில் ஏறியது. ஆனந்தவல்லி இறங்கிப் போய்க் கண்ணாத்தாளிடம் ஏதாவது சொல்ல நினைத்தாள். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள்.

வேன் வேதாரண்யம் ரோட்டில் ஏறியது. பனி கலையவில்லை. பிள்ளைகள் பின்னால் படுக்கையில் ஒருவர்மேல் ஒருவராகச் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். இரண்டு பக்கமும் பயிர் தலை சாய்த்து நின்றது, எங்கும் ஆள் இல்லை. சிங்காரவேலுதான் முதலில் பேசினான்.

“நான் இல்லைன்னாலும் வேற எவனாவது வந்து செய்வான் ஆனந்தி.”

“வரட்டும். நீங்க வேணாம்.”

“வேணாம்னு சொன்னா திரும்ப அங்கதான் போகணும். அடுத்த லீவு எப்பன்னு சொல்ல முடியாது.”

“தெரியும்.”

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைக்கத் துடைக்க வந்தது. தன் வாயால் அவனைத் திரும்ப அனுப்புவாள் என்று முந்தின நாள் யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பாள். மார்கழியில் இன்னும் சில நாள் பாக்கி இருந்தது, அப்புறம் பொங்கல், அப்புறம் விமானம். பனிக்குள் ஒரு கைகாட்டி மரம் தெரிந்தது. கோடியக்கரை அதிக தூரம் இல்லை.

“மெதுவாப் போங்க” என்றாள்.