பூனைக்குப் போன குழம்பு

சோயாப்பாலில் செய்த டோஃபுக் கட்டியைத் துணியில் சுற்றி, அதன்மேல் குக்கரைத் தூக்கி வைத்தாள் மருமகள். தண்ணீர் வடிந்தால்தான் எண்ணெயில் உடையாமல் பொரியும். இன்றைக்கு அதற்கெல்லாம் காத்திருக்க முடியாது. தன் கையையும் குக்கர்மேல் வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள்.

பக்கத்து அறையில் மாமனார் படுத்திருந்தார். ஊருக்கெல்லாம் பொத்தானும் ஜிப்பும் விற்றவர். டாக்டர் நேற்று வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு நாள் தாங்குனா பெருசு. பத்தியம் கித்தியம் வேண்டாம், கேட்டதைக் குடுங்க" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். கட்டிலிலிருந்து பதில் வந்தது: "ரெண்டு என்ன கணக்கு? ஒரு வாரமாப் போட்டுக் குடுங்க."

டாக்டர் பேரத்துக்கு இறங்கி வரவில்லை. இவரும் அதற்குப் பிறகு தண்ணீரைத் தவிர வேறெதையும் தொடவில்லை. இன்று காலை கண்ணைத் திறந்து, யாரும் கேட்காமலே, "அந்தப் பச்சைக் குழம்ப எவன் திம்பான்" என்றார்.

அவள் பையை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினாள்.

"அப்பா அதைத் திட்டுனாரு. வேணும்னு கேக்கல" என்றான் கணவன், சமையலறை வாசலில் நின்றபடி.

"வேண்டாதத இந்த நேரத்துல எதுக்கு நெனைக்கணும்?"

"பினாத்துறாரு. நீ இதப் போய் பெருசா எடுத்துக்கிட்டு..."

"அந்தத் தேங்காப்பால் டப்பாவத் திறந்து குடுங்க. சும்மா நிக்காதீங்க."

அவள் பல் டாக்டரிடம் வேலை பார்ப்பவள். நாளெல்லாம் பிறர் வாயைப் பார்ப்பவளுக்கு, வீட்டில் ஒரே ஒரு வாய்தான் பிடிபடவில்லை. வந்த நாளிலிருந்து 'நல்லாருக்கு' என்ற சொல் அந்த வாயிலிருந்து உதிர்ந்ததில்லை. மற்ற சமையலுக்கு ஒரு 'ம்' கிடைக்கும். தாய்லாந்துப் பக்கத்துச் சமையல் என்று அவள் கற்றுக்கொண்டு வந்த இந்தக் குழம்புக்கு மட்டும் தனி மரியாதை: "சோப்புக் கட்டிய சோத்துல போட்டுட்டா." திட்டி முடித்து, மிச்சத்தை டப்பாவில் அடைத்து மறுநாள் கடைக்கு எடுத்துப் போவார். எதற்கு என்றால், "பூனைக்கு" என்பார். பூனைக்குச் சமைத்துப் போடவா படித்துவிட்டு வந்தோம் என்று அவளும் அதைச் செய்வதையே விட்டுவிட்டாள்.

சின்னப்பிள்ளைத்தனம்தான். ஆனாலும் அவர் போவதற்குள் அந்த ஒரு சொல்லை அவர் வாயால் கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

செய்வதற்கு ஒன்றும் பெரிய வேலையில்லை. தேங்காய்ப்பாலின் கெட்டியை வாணலியில் ஊற்றி, எண்ணெய் பிரிந்ததும் பாட்டிலிலிருந்த பச்சை மிளகாய் விழுதைப் போட்டுக் கிளறினாள். வீடே பச்சையாக மணத்தது. பொரித்த டோஃபு, மீதிப் பால், சோயா சாஸ், சிட்டிகை சர்க்கரை, கிழித்த எலுமிச்சை இலை.

"என்னது கருகுது?" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் இழை மாதிரி வந்தது.

"கருகல மாமா. இலை வாசம்."

"யாரு கேட்டா இத?"

"நீங்கதான்."

"எவன் திம்பான்னுல்ல கேட்டேன்."

"அதுக்குப் பதில்தான் அடுப்புல இருக்கு."

"காரம் கம்மியாப் போட்டிருப்ப" என்றார்.

"ஒரு மிளகா கூடவே போட்டிருக்கேன்."

"ம்."

ஒரு கரண்டிக் குழம்பைச் சோற்றில் விட்டு மசித்தாள். கிண்ணமும் கரண்டியுமாக, வாயால் ஊதி ஆற்றிக்கொண்டே போனாள். கணவன் கட்டிலோரம் உட்கார்ந்து அப்பாவின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்திருந்தான். எடுக்கவில்லை. அவளைப் பார்த்துத் தலையை அசைத்தான். அவள் கரண்டியை இன்னொரு முறை ஊதினாள். பிறகுதான் நிறுத்தினாள்.

அப்புறம் எல்லாம் அதனதன் போக்கில் நடந்தன. டாக்டர் வந்து கையெழுத்துப் போட்டார். நாற்காலிகள் வந்தன. அக்கம்பக்கத்தார் செருப்பு வாசலை அடைத்தது. எதிர்க்கடை நூல்காரர் வந்து, கட்டில் பக்கத்தில் நின்று, "சொல்லாம கொள்ளாமக் கடையை அடைச்சிட்டான் பாரு" என்றார். பகலெல்லாம் வாடிக்கையாளருக்காக அடித்துக்கொண்டு, சாயங்காலம் ஒரே கெட்டிலில் டீ குடித்த இருவர். அவர் சர்க்கரை நோயாளி; காலையிலிருந்து வெறும் வயிறு.

மருமகள் அவரைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தாள்.

"இதுதான் இருக்கு சித்தப்பா. உங்களுக்குப் பிடிக்குமோ என்னவோ."

ஒரு வாய் வைத்தவர் நிமிர்ந்தார். தட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, இதுவா அது? டப்பால கொண்டு வருவானே?"

"ஆமா. பூனைக்கு."

"எந்தப் பூனைக்கு?"

"உங்க கடைத்தெருப் பூனைக்குத்தான்."

"எங்க தெருவுல ஏதும்மா பூனை? இருக்கறது ரெண்டு நாய். அதுகளுக்கும் அவன் ஒண்ணும் போட்டதில்ல." இன்னொரு வாய் சாப்பிட்டார். "ஷட்டரப் பாதி இறக்கிட்டுத் திம்பான். ஒரு வாய் குடுடான்னா, 'ஐயய்யோ, மருமக செய்யுற கண்றாவி, உன் உடம்புக்கு ஆகாது'ம்பான். நானும் எவ்வளவு பரிதாபப்பட்டிருக்கேன் தெரியுமா? பாவம், வயசான காலத்துல வாய்க்கு வழியில்லாமப் போச்சேன்னு."

அவள் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"மார்க்கெட்டுல நல்ல சரக்கு கண்ணுல பட்டா முதல்ல அத மட்டம்னு காறித் துப்புவான். பக்கத்துல நிக்கறவன் நகர்ந்துடணும்ல? அப்புறம் மொத்தத்தையும் அள்ளிட்டு வந்துடுவான்." நூல்காரர் தட்டை நீட்டினார். "அந்தப் பழைய வித்தைய என்கிட்டயே காட்டிட்டான், திருட்டுப்பய. நானும் ஏமாந்துட்டேன். போடும்மா."

அவள் போட்டாள். அவர் வழித்துச் சாப்பிட்டு, கை கழுவி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே போனார்.

அவள் அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மிச்சச் சோற்றை வாணலியிலேயே கொட்டிக் கையால் பிசைந்தாள். காரம் கூடத்தான். முன்னறையிலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், வண்டி வந்துவிட்டது என்று. வாய் நிறையச் சோறு இருந்ததால் அவளால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.