இடது பெட்டியின் கரகரப்பு

ஸ்பீக்கரின் இடது பெட்டி மட்டும் கரகரத்தது. பாட்டு மெல்லப் போகும்வரை ஒழுங்காக இருக்கும். மேளம் விழுந்ததும் உள்ளே எதுவோ தடதடவென்று தட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து சுதாகரன் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். போனை மாற்றிப் பார்த்தான். வயர் முனைகளைச் சுரண்டி முறுக்கிச் செருகினான். கடைசியில் இரண்டு பெட்டிகளின் வயர்களையும் இடம் மாற்றிக் கொடுத்தான். அப்போதும் கரகரத்தது அதே பெட்டிதான். அப்படியென்றால் கோளாறு வயரிலும் இல்லை, பாட்டுச் செட்டிலும் இல்லை. மனைவி ஜீவராணி லிந்துலைக்குச் சாமான் வாங்கப் போயிருந்தாள். இருந்திருந்தால் பெட்டியைக் கழற்ற விட்டிருக்க மாட்டாள்.

பின்பக்கத்து ஓட்டையில் டார்ச் அடித்தபோதுதான் துணி ஞாபகம் வந்தது. பொங்கல் சமயத்தில் அவனே அடைத்த துணி. அப்போது சுவரை ஒட்டிய பக்கத்து வீட்டுக் காம்பராவில் கந்தப்பன் நெஞ்சுச் சளியோடு படுத்திருந்தார்.

"தம்பி, அந்த டம் டம் சத்தம் அவரு நெஞ்சுல இடிக்குதாம். கொஞ்சம் கொறைங்க" என்று அவர் மனைவி வீரம்மா வந்து கேட்டாள்.

பண்டிகையும் அதுவுமாகச் சத்தத்தைக் குறைக்க அவனுக்கு மனமில்லை. ஓட்டையை அடைத்தால் இடி அடங்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எரிச்சலோடு அலமாரித் தட்டில் கைக்குக் கிடைத்த பழந்துணியை இழுத்துத் திணித்தான். என்ன துணி என்று பார்க்கவுமில்லை.

இப்போது பின்பலகையைக் கழற்றினான். துணி நழுவி உள்ளே விழுந்து கிடந்தது. அதன் மூலையில் ஒரு முடிச்சு. பலகையில் தட்டிக்கொண்டிருந்தது அதுதான். அவிழ்த்தான். உள்ளே, ஜீவராணி பத்திரமாக முடிந்து வைத்திருந்த தோடு இரண்டும் இருந்தன.

பொங்கலுக்குப் பிறகு தோடு காணாமல் போனது தெரிந்த நாளில் வீட்டுச் சாவி வீரம்மாவிடம் இருந்தது. வேலைக்குப் போகும்போது அந்தத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் பாதிப்பேர் அவளிடம்தான் சாவி கொடுப்பார்கள். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நின்று, அத்தனை பேர் முன்னாலும் அவன் அவளைத் திருடி என்று கத்தினான். மாரியம்மன் கோயிலில் சத்தியம் கேட்டதும் அவன்தான். எரிகிற கற்பூரத்தை வீரம்மா உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். அதற்குப் பிறகும் யாரும் அவளிடம் சாவி கொடுக்கவில்லை.

தோட்டைப் பேசாமல் ஜீவராணியின் துணிப்பெட்டியில் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தான். சுவருக்கு அந்தப் பக்கம் கந்தப்பன் இருமினார். நினைத்ததற்கே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

வீரம்மா வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள்.

"என்னா தம்பி, வேற எதுவும் காணாமப் போச்சா?"

அவன் கையை விரித்தான். "அக்கா... நாந்தான்... பொட்டிக்குள்ள, துணியோட..." முணுமுணுப்பாகத்தான் சொன்னான்.

வீரம்மா தோட்டைப் பார்த்தாள். தொடவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள்.

"நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும். எங்கிட்ட ஏன் சொல்றீங்க? அங்க போயி சொல்லுங்க. அன்னைக்குச் சொன்ன சத்தத்துலயே சொல்லுங்க."

பீலியடியை நோக்கி அவள் நீட்டிக் காட்டிய உள்ளங்கையின் நடுவில் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. சுதாகரன் திரும்பினான். பீலியடியில் நின்றிருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருடைய வாளியோ நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.