முகம் மறக்காத மேசை

ஆஸ்மா கையெழுத்துப் போட வேண்டிய தாளில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: 'இந்தக் கேமராக்கள் யாருடைய முகத்தையும் சேமித்து வைப்பதில்லை.' கீழே பெயர், பதவி, தேதி. பேனாவைத் திறந்தவள், எதிரே நின்ற அகிலனைப் பார்த்துவிட்டு மறுபடி மூடினாள்.

"என்ன அகிலன், பல் வலியா? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"இல்லக்கா. அந்த வரி கொஞ்சம் சரியில்ல."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

அகிலன் யோசித்துப் பார்த்தான். "முழுசா," என்றான்.

சிங்கப்பூரின் ஒன் நார்த் வட்டாரத்தில், ஒரு கட்டடத்தின் பதினோராவது மாடியில் இருந்தது டேபிள்விங்க் நிறுவனம். மொத்தம் பத்தொன்பது பேர். அதில் 'பொறுப்பான தொழில்நுட்பப் பிரிவு' என்று ஒன்று. ஆஸ்மாதான் அதன் தலைவி. அந்தப் பிரிவில் வேறு ஆள் கிடையாது. அகிலன் தலைமைப் பொறியாளன். கெட்டிக்காரன், பொய் சொல்லத் தெரியாதவன். எதையாவது மறைத்தால் காது இரண்டும் சிவந்துவிடும்.

அவர்கள் செய்யும் பொருள் எளிமையானது. உணவங்காடியில் ஒவ்வொரு மேசைக்கு மேலேயும் ஒரு சின்ன கேமரா, ஒரு விளக்கு. ஆள் இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. சூடான தட்டை ஏந்திக்கொண்டு இடம் தேடி அலைய வேண்டாம்; ஃபோனைப் பார்த்தாலே எந்த மேசை காலி என்று தெரிந்துவிடும். தேக்கா உணவங்காடியில் மூன்று வாரமாகச் சோதனை ஓட்டம். வருகிற சனிக்கிழமை தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் வந்து ரிப்பன் வெட்டுவதாக ஏற்பாடு.

இதில் ஆஸ்மாவின் கழுத்து எங்கே மாட்டியிருந்தது என்றால், தேக்காவின் நாற்பது கடைக்காரர்களைக் கூட்டி வைத்து, "யார் முகத்தையும் வெச்சுக்க மாட்டோம், அதுக்கு நான் பொறுப்பு" என்று சொன்னவளே அவள்தான். அவர்களும் கம்பெனியை நம்பித் தலையாட்டவில்லை. 'நம்ம கையூம் பாய் மக சொல்லுது' என்றுதான் தலையாட்டினார்கள். கையூம் பாய் என்கிற அப்துல் கையூம், அவளுடைய வாப்பா. முப்பத்திரண்டு வருஷமாக அங்கே தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர்.

"என்ன நடந்துச்சு? முதல்லேர்ந்து சொல்லு."

"டிஷ்யூ பாக்கெட்க்கா."

ஆஸ்மாவுக்குப் பாதி புரிந்துவிட்டது. மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போனால், அந்த மேசை வைத்தவருடையது. எந்தச் சட்டத்திலும் இது இல்லை; ஆனால் சட்டத்தை மீறுகிறவர்கூட இதை மீற மாட்டார். இந்த மரியாதை கேமராவுக்குத் தெரியவில்லை. ஆளைக் காணோம் என்று முதல் நாளே பச்சை விளக்கைப் போட்டது. பச்சையைப் பார்த்து ஒருவர் வந்து உட்கார, பாக்கெட்டுக்காரர் பிரியாணித் தட்டோடு திரும்பி வந்து நிற்க, ஒரே மத்தியானத்தில் ஏழு சண்டை.

"அதான், பாக்கெட்டை யார் வெச்சாங்கன்னு கேமரா ஞாபகம் வெச்சுக்கற மாதிரி பண்ணேன். அந்த முகம் திரும்பி வர்ற வரைக்கும் சிவப்பு. அப்புறம் சண்டையே இல்ல."

"வந்தப்புறம் மறந்துடணுமே?"

"மறக்கற பகுதியை அடுத்த வாரம் எழுதிக்கலாம்னு விட்டேன்." காது சிவந்துவிட்டது. "அதுக்குள்ள ரஞ்சன் பார்த்துட்டாரு."

ரஞ்சன்தான் முதலாளி. நாற்பது வயது, வருஷம் முழுக்கக் கறுப்பு டி ஷர்ட். கெட்ட செய்தி கேட்டால் அதில் என்ன லாபம் என்று முதலில் பார்க்கிற சுபாவம். ஆஸ்மா அவருடைய அறைக்குள் நுழைந்தபோது, நாற்காலியைக்கூடக் காட்டாமல் ஆரம்பித்துவிட்டார்.

"ஆஸ்மா, இது தப்பு இல்ல, புதையல். யார் எத்தனை வாட்டி வர்றாங்க, என்ன சாப்பிடறாங்க, யார்கூட உட்கார்றாங்க, எல்லாம் இருக்கு. ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி இப்பவே கேட்டுட்டு நிக்குது."

"அப்ப நான் கையெழுத்துப் போட வேண்டிய தாள்?"

"முகத்தையா சேமிக்கறோம்? முகத்துக்கு ஒரு நம்பர் குடுத்து, நம்பரைத்தான் சேமிக்கறோம். வக்கீல் ஓகே சொல்லிட்டாரு. தூண்ல அறிவிப்பு வேற ஒட்டியிருக்கு."

"தரையிலேர்ந்து ஒரு சாண் உயரத்துல ஒட்டியிருக்கீங்க. பூனைதான் படிக்கும். நம்பர் பக்கத்துல ஃபோட்டோவும் இருக்கே ரஞ்சன்."

"பேரு இல்லையே."

"தேக்காவுல ஃபோட்டோ போதும். பேரு எதுக்கு?"

ரஞ்சன் சிரித்தார். கோபம் வந்தாலும் சிரிக்கிறவர் அவர். "நாளைக்கு அங்க ஒத்திகை. முடியறதுக்குள்ள கையெழுத்து வரலைன்னா உன் பிரிவைக் கலைச்சுடுவேன். வேற ஒரு பிரிவு ஆரம்பிச்சுக்கலாம். தப்பா எடுத்துக்காத லா."

பிரிவைக் கலைப்பது என்றால் ஆஸ்மாவைக் கலைப்பது. கணக்கு எளிது.

சாயங்காலம் நேரே தேக்காவுக்குப் போனாள். வாப்பா ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்குத் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே முழுக்கதையையும் கேட்டார். கதை முடிந்தபோது தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

"என்னை ஏம்மா இப்படி மாட்டிவிட்ட?"

"எனக்கே இன்னைக்குத்தான் வாப்பா தெரியும்."

"நாளைக்கு ஊரே பேசும். கையூம் மகளைக் காட்டி ஏமாத்திட்டான்னு சொல்லும்." பாலை அடுப்பில் வைத்தார். "வேலையை விட்டுட்டு வந்துடு. கிளாஸ் கழுவ ஆள் இல்லாம நானும் தவிக்கிறேன்."

"சம்பளம் எவ்வளவு?"

"சாப்பாடு இலவசம்."

புதன்கிழமை மூன்று மணி. மத்தியானக் கூட்டம் வடிந்து, சுத்தம் செய்பவர்கள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கையூம் பாய் கடைக்கு முன்னால் ஒரு பெரிய டி.வி.யை நிறுத்தி வைத்திருந்தான் அகிலன். ஒத்திகை பார்க்க வந்திருந்தார் மருதப்பன். வட்டாரத்தின் அடித்தளத் தலைவர், அதாவது ஆளுங்கட்சி உறுப்பினருக்காக ஊர் வேலைகளைப் பார்ப்பவர். கட்டைக் குரல், இஸ்திரி கலையாத சட்டை. நாடாளுமன்ற உறுப்பினர் எங்கே நிற்பார், எந்தப் பக்கம் திரும்புவார், என்ன குடிப்பார் என்று எல்லாவற்றையும் முடிவு செய்பவர் அவர்தான். அவர் தலையசைக்காமல் ரிப்பன் வராது.

சிவப்பு, பச்சை எல்லாம் ஒழுங்காக எரிந்தன. மருதப்பனுக்குத் திருப்தி. ரஞ்சனுக்கு அது போதவில்லை.

"அங்கிள், இன்னும் ஒண்ணு இருக்கு. இது வெறும் விளக்கு இல்ல, மூளை. வர்றவங்க பழக்கத்தையே புரிஞ்சுக்கும். ஆஸ்மா, ஏதாவது ஒரு ஆளைப் போட்டுக் காட்டு."

ஆஸ்மா நகரவில்லை. "அனுமதி குடுத்தவங்களோடதை மட்டும்தான் காட்ட முடியும். இதுவரைக்கும் யாரும் குடுக்கல. யாரையும் நாம கேட்கவும் இல்ல."

"அவ்வளவுதானே? என்னோடதைக் காட்டு. நான் குடுக்கறேன்."

"நிச்சயமாவா?"

"மறைக்க என்கிட்ட என்ன இருக்கு?"

நிறைய பரோட்டா இருக்கும் என்று ஆஸ்மா நினைத்தாள். கொழுப்பைக் குறைக்கிறேன் என்று அலுவலகத்தில் வெள்ளரிக்காய் கடிக்கிற மனிதர். சபையில் கொஞ்சம் நெளியட்டும், அப்போதாவது உறைக்கும் என்பதுதான் அவள் போட்ட திட்டம். அகிலன் பொத்தானைத் தட்டினான்.

ரஞ்சனின் முகம் திரையில் பெரிதாக வந்தது. மூன்று வாரத்தில் ஆறு முறை. எப்போதும் மூன்று மணிக்கு மேல். எப்போதும் நாற்பத்தேழாம் மேசை. பரோட்டாவும் இருந்தது, மட்டன் குருமாவும் இருந்தது. அதற்குக் கீழே, 'உடன் அமர்ந்தவர்' என்ற தலைப்பில் ஒரு வழுக்கைத் தலைக்காரரின் படம். ஆறு முறையும் அவரேதான்.

தான் மாட்டிய கேமரா தன்னையும் பார்க்கும் என்பது முதலாளிக்கு ஞாபகத்தில் இல்லை. ஒன் நார்த் ஆட்கள் தேக்காவுக்கு மூன்று மணிக்கு வர மாட்டார்கள் என்பது மட்டும் இருந்தது.

"இவரை எனக்குத் தெரியுமே," என்றார் மருதப்பன், மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு. "உங்க போட்டிக் கம்பெனிக்காரர் இல்ல? போன மாசம் வந்து, டேபிள்விங்க் வேணாம், எங்களோடதைப் போடுங்கன்னு என் காதைத் தின்னாரு. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"பழைய நண்பர், அங்கிள். சும்மா சாப்பாடு..."

"ரஞ்சன்," என்றான் அகிலன் மெதுவாக. "நம்ம கம்பெனியை விக்கப்போறீங்களா?"

முதல் முறையாக ரஞ்சன் சிரிக்கவில்லை. "இன்னும் எதுவும் முடிவாகல. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இதெல்லாம் ரகசியமா இருக்க வேண்டிய விஷயம்."

"அதைத்தான் நேத்து உங்க ரூம்ல நானும் சொன்னேன்," என்றாள் ஆஸ்மா.

மருதப்பன் ஏதோ கணக்குப் போடுகிறவர் மாதிரி டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஆஸ்மா, சனிக்கிழமை காலையில நான் யார்கூட தோசை சாப்பிடறேன்னும் இதுக்குத் தெரியுமா?"

"நான் பார்க்கல அங்கிள். ஆனா தெரியும்."

மருதப்பன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பள்ளிக்கூட நாளிலிருந்து அவருக்கு உயிர் நண்பர் ஒருவர் உண்டு. சுப்பிரமணியம். அவர் எதிர்க்கட்சியில் வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுக்கிறவர். இருவரும் தோசை தின்றபடி பேசுவது காற்பந்து மட்டும்தான். ஆனால் காற்பந்தைக் கேமரா படம் பிடிக்குமா? இரண்டு தலைகள் ஒன்றாக இருப்பதைத்தான் பிடிக்கும்.

மருதப்பன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "மக்களோட அந்தரங்கம் ரொம்ப முக்கியம். என் கமிட்டி இதை ஒருநாளும் ஒத்துக்காது. சனிக்கிழமை ரிப்பன் வேணும்னா, இதெல்லாம் அழிஞ்சிருக்கணும். நான் கண்ணால பார்க்கணும்."

கொள்கை சில பேருக்குப் புத்தகத்திலிருந்து வரும். மருதப்பனுக்குத் தோசையிலிருந்து வந்தது. எப்படி வந்தால் என்ன, வந்தது.

"முகம் இல்லாம டிஷ்யூ பிரச்சினையை எப்படித் தீர்க்கறது?" என்று ரஞ்சன் முனகினார். அவருக்கும் அழிப்பதில் இப்போது ஆட்சேபணை இருப்பதாகத் தெரியவில்லை.

"மேசையில பாக்கெட் இருந்தா, ஆள் இருக்கற மாதிரி சிவப்புன்னு வெச்சுடலாம்," என்றான் அகிலன். "ஆனா யாராவது மறந்து விட்டுட்டுப் போயிட்டா, நாள் பூரா அந்த மேசை சிவப்பாவே கிடக்கும்."

குவளையைக் கழுவிக்கொண்டிருந்த வாப்பா தலையை நீட்டினார். "கேமரா இல்லாதப்பவும் அப்படித்தானே தம்பி கிடந்துச்சு. மேசை துடைக்கிற ஆயிஷா வந்து எடுத்துடும்."

மூன்று வாரத்து முகங்கள் மருதப்பன் கண் முன்னாலேயே அழிந்தன. முதலில் அழிந்தது நாற்பத்தேழாம் மேசை. ஆஸ்மாவே பிரதிகள் எங்கும் இல்லையா என்று மூன்று தடவை சரிபார்த்தாள். ரஞ்சன் தாளை நீட்டினார்.

"இப்ப அந்த வரி உண்மைதானே? போடு கையெழுத்தை."

"நாளைக்குப் போடறேன். அதுக்கு முன்னாடி கடைக்காரங்ககிட்ட சொல்லணும், மூணு வாரம் இருந்துச்சுன்னு."

"அழிச்சாச்சே. ஏன் போய்ச் சொல்லணும்?"

"இல்லைன்னு சொன்னது நான்தானே."

ரஞ்சன் மருதப்பனைப் பார்த்தார். மருதப்பன் கூரையைப் பார்த்தார். வாப்பா மகளைப் பார்த்துவிட்டு, மூடியிருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார்.

வியாழக்கிழமை காலை, கடை திறக்கும் முன் எல்லாரும் கூடினார்கள். ஆஸ்மா சுற்றி வளைக்கவில்லை. என்ன நடந்தது, எத்தனை நாள் இருந்தது, எப்போது அழிக்கப்பட்டது, இனி யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் வந்து சரிபார்க்கலாம் என்று சொல்லி முடித்தாள். "நான் சொன்னது பொய்யாயிடுச்சு. மன்னிச்சுக்குங்க."

முதல் ஆளாக எழுந்தவர் உமைர். வாப்பாவின் கடைக்கு நேர் எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர். "உன் வாப்பா மூஞ்சிக்காகத்தான் நாங்க சம்மதிச்சோம், தெரியுமா?"

"தெரியும் மாமா."

"இனிமே மூஞ்சியைப் பார்த்துச் சம்மதிக்க மாட்டோம். எழுதிக் குடு."

"எழுதியே கொண்டாந்திருக்கேன்."

தாள் கை மாறி மாறிப் போயிற்று. சிலர் கண்ணாடி போட்டுப் படித்தார்கள், சிலர் படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்தார்கள். ஒருவர், தூணில் இருக்கும் அறிவிப்பை மனுஷன் உயரத்துக்கு ஏற்றச் சொன்னார். இன்னொருவர் எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னார். திட்டும் விழுந்தது, கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பும் கேட்டது. கடைசியில் உமைர் தாளைத் திருப்பிக் கொடுத்து, "இப்பப் போடு," என்றார். ஆஸ்மா கையெழுத்துப் போட்டாள்.

கூட்டம் கலைந்தது. வாப்பா அவளைக் கடைக்குப் பின்பக்கம் வருமாறு கண்ணைக் காட்டினார். பாராட்டப்போகிறார் என்று நினைத்தபடி போனாள். அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டீங்களாம்மா? சுத்தமாவா?"

"சுத்தமா வாப்பா."

"அடடா. அழிக்கறதுக்கு முன்னாடி உமைர் கடையில ஒரு நாளைக்கு எத்தனை பேரு குடிக்கிறாங்கன்னு மட்டும் பார்த்து வெச்சிருக்கலாம்ல?"