படத்திறப்புக்கு முன்னாடி

"நீதான் வரல, உன் வார்த்தையாவது வரட்டும்டா. பத்தரைக்கு படத்திறப்பு, ஜல்தி அனுப்பு, மைக்ல நான் படிக்கிறேன்"னு இசைவாணி அக்கா மெசேஜ் போட்டிருந்தது. எனக்கு அப்பதான் சாப்பாட்டு பிரேக் உட்டாங்க. சிங்கப்பூர் கப்பல் பட்டறைல காலைல இருந்து கிரீஸுதான், கைய தொடச்சாலும் போவாது. போன ஒரு பெயிண்ட் டப்பா மேல சாத்தி வச்சிட்டு வாயாலயே சொல்ல ஆரம்பிச்சேன், போனே எழுதிக்கும். வேலைக்கு சேந்து நாலு மாசம் ஆவுது. அப்பா செத்தன்னிக்கு லீவு கேட்டேன், சூப்பர்வைசர் கெடையாதுன்னாரு. இன்னிக்கு பதினாறாம் நாள் காரியம். இதுக்கும் கேட்டேன், தரலன்னு வீட்ல சொல்லி வச்சிருக்கேன். கேக்கவே இல்ல. ரெண்டாவது வாட்டி கேட்டா வேலைய உட்டே அனுப்பிடுவாங்களோன்னு பயம்.

"எங்கப்பா ஆனந்தராஜ், விழுப்புரத்துல பொதுப்பணித்துறை ஏ.இ., அசிஸ்டென்ட் எஞ்சினீயரு"ன்னு ஆரம்பிச்சேன். ஏரி, மதகு, வாய்க்கா, இதான் அவரு வேல. புரமோஷன் ரெண்டு தடவ வந்துச்சு. ரெண்டும் வெளி மாவட்டம், ரெண்டுத்தையும் வேணான்னு எழுதி குடுத்துட்டாரு. திண்டிவனத்துல வீடு கட்டின பொறவு டெய்லி பஸ்ஸுல விழுப்புரம் போய் வருவாரு. விக்கிரவாண்டி டோல்கேட் வர்றதுக்குள்ள வாய தொறந்துக்கினு தூங்கிடுவாராம், கண்டக்டர்தான் எழுப்பி உடுவாரு. மழ நாள்ல ஒலக்கூர் பக்கம் ஏரிக்கரைலயே மூணு நாள் கெடப்பாரு. ஆனா சாயந்தரம் ஏழு மணி ஆனா போன் வந்துடும். அம்மா, அக்கா, நானுன்னு ஒவ்வொருத்தரா கூப்ட சொல்லி இன்னா சாப்ட்டன்னு கேப்பாரு. மூணு பேரும் ஒரே சோத்ததான் தின்னிருப்போம், இருந்தாலும் மூணு பேரையும் கேப்பாரு.

எந்த வீட்டுக்கு போனாலும் பாத்ரூம்ல ஒரு சொம்பு தண்ணி ஊத்தி, தர வாட்டம் சரியா இருக்கா, தண்ணி ஓட்டைய பாத்து ஓடுதான்னு பாப்பாரு. அக்காவுக்கு மாப்ள பாக்க ஜெகதீசன் மாமா வீட்டுக்கு போனப்பவும் அதையே பண்ணாரு. அம்மா தலைல அடிச்சிக்கிச்சி. "பொண்ணு குடுக்க வந்தீங்களா, பைப்பு மாத்த வந்தீங்களா?" "வாட்டம் நல்லா இருக்கு பரிமளா, குடுக்கலாம்"னாரு. இத சொல்லும்போது நானே சிரிச்சிட்டேன். பக்கத்துல படுத்திருந்த பீகார்க்காரன் கண்ண தொறந்து பாத்துட்டு திரும்பி படுத்துக்கினான்.

அக்காவுக்கு அனுப்பி உட்டேன். பதிலுக்கு அது ஒரு போட்டோ அனுப்பிச்சி. ராத்திரி பேஞ்ச மழைல தெருவே சேறாம். அதனால வேணு சித்தப்பா படத்திறப்ப மேல மாத்திட்டாரு. ரோட்டு பக்கம் நீட்டிக்கினு இருக்குற எங்க பால்கனில அப்பா படம், கிரில்லுல மைக்கு, இருவது சேரு. பாதி சேருல பொம்பளைங்க ஒக்காந்தாச்சி. நடுவுல அம்மா. கீழ, அதே பால்கனி நெழல்ல, சமையல்காரங்க எல போட்டு காய் அரிஞ்சிக்கினு இருக்காங்க.

அந்த பால்கனில நாலு பேருக்கு மேல நின்னா அப்பாவுக்கு ஆவாது. தீவாளிக்கு பசங்க ஏறினா கூட சத்தம் போட்டு எறக்கிடுவாரு. டைல்ஸ் கீறிடும்னு பயப்படுறாருன்னுதான் எல்லாரும் நெனச்சிக்கினு இருந்தோம். நாலு மாசத்துக்கு முன்னாடி என்ன ஏர்போர்ட்டுக்கு பஸ்ஸுல கூப்டுக்கினு வந்தப்பதான் சொன்னாரு. "வெளிய நீட்டுற சிலாபுக்கு கம்பி மேல் பக்கமா இருக்கணும்டா. காங்கிரீட் கொட்டும்போது ஆளுங்க மிதிச்சி மிதிச்சி கீழ எறக்கிடுவானுங்க. எறங்கிட்டா கனம் தாங்காது. எஞ்சினீயர் கூடவே நின்னு தூக்கி உட சொல்லணும். அன்னிக்கு நான் நிக்கல."

அன்னிக்கு எனக்கு பத்து வயசு. அம்மாவும் நானும் விழுப்புரம் குவார்ட்டர்ஸ்ல இருந்தோம், அவரு லீவு போட்டுட்டு திண்டிவனத்துல சைட்ல நின்னுக்கினு இருந்தாரு. எனக்கு ஜொரம் முத்தி வலிப்பு வந்துடுச்சி. அம்மா பயந்து போன் போட்டுச்சி. பால்கனி கம்பிய சவுரிராயன் மேஸ்திரிகிட்ட உட்டுட்டு அப்பா ஓடியாந்தாரு. ஆஸ்பத்திரில என் கால புடிச்சிக்கினு சாயந்தரம் வரைக்கும் ஒக்காந்திருந்தாரு. மறுநாள் போய் கம்பிய தூக்கி உட்டியான்னு கேட்டாரு. "உட்டேன் சார்"னாராம் மேஸ்திரி, தரைய பாத்துக்கினு. ரெண்டு வருசம் கழிச்சி, பால்கனி செவுத்த ஒட்டற எடத்துல மேல முடி மாதிரி ஒரு விரிசல் வந்துச்சி. "ஒடச்சிட்டு திருப்பி போடணும். நீ மொத லீவுல வா, ரெண்டு பேருமா நின்னு போடலாம். அம்மாகிட்ட சொல்லாத, நான் போன் போட்டதாலதானேன்னு அது நெனச்சிக்கும்"னாரு. அப்பறம் பஸ்ஸுல தூங்கிட்டாரு.

இத எப்படி சொல்றது? காரியத்தன்னிக்கு, அவரு ஆபீஸ் ஆளுங்க வந்து நிக்கிற நேரத்துல, அவரு சொந்த வீடே பழுதுன்னா? மொதல்ல பொய்தான் வாய்ல வந்துச்சி. அக்காகிட்ட, படத்த மேல வச்சா சகுனம் ஆவாதாம், கீழ எறக்க சொல்லுன்னேன். ரெண்டு நிமிஷத்துல சித்தப்பாகிட்ட இருந்து வாய்ஸ் வந்துச்சி.

"டேய் ரஞ்சித்து, அங்க ஒக்காந்துக்கினு பேஜாரு பண்ணாத. ஏ.இ. கட்டின வீடுடா இது, யானைய ஏத்தினாலும் அசையாது. உங்கப்பன் என்னிக்குடா சகுனம் பாத்தான்?"

பின்னாடி மைக் டெஸ்டிங் சத்தம். யாரோ இன்னும் நாலு சேரு மேல கேக்குறாங்க. அங்க மணி பத்து. உடனே போன் போட்டேன். சித்தப்பா எடுத்தாரு. ஸ்பீக்கர்ல போட்டுதான் பேசுவாரு, காது சரியா கேக்காது. பக்கத்துல அம்மா இருக்கும்னு தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன்.

"சித்தப்பா, அந்த பால்கனி தாங்காது. கம்பி கீழ போயிடுச்சி. அப்பாவே என்கிட்ட சொன்னாரு. அதாலதான் யாரையும் நிக்க உட மாட்டாரு. எல்லாரையும் எறக்குங்க, கீழ இருக்கறவங்களையும் நவுத்துங்க. உங்க கால்ல உழறேன்."

"எப்படிடா போவும்? அவன் நிக்காம எவனாவது காங்கிரீட் போட்ருப்பானா?"

ஸ்பீக்கர்ல மேளக்காரன் ஒரு தட்டு தட்டிட்டு நிறுத்தினான். அப்ப அம்மா கொரலு, ரொம்ப மெதுவா.

"நான்தான் கூப்ட்டேன் வேணு. இவனுக்கு இழுத்துக்கிச்சி. நான்தான் வர சொன்னேன்."

போன் கட் ஆயிடுச்சி. சாப்பாட்ட தொறக்கவே இல்ல நான். பத்து நிமிஷம் கழிச்சி அக்கா வீடியோ போட்டுச்சி. எதுத்த வீட்டு மாடில நின்னு புடிச்சிருந்தது. காய் அரிஞ்ச பொம்பளைங்க கூடையோட எதுத்த வீட்டு பக்கம் போயிட்டாங்க. ஜெகதீசன் மாமா அப்பா படத்த தலைல வச்சிக்கினு மாடிப்படி எறங்குறாரு, மால பாதி கழண்டு தொங்குது. ஆபீஸ்காரங்க பேண்ட்ட தூக்கி புடிச்சிக்கினு சேத்துல நின்னு மேல பாக்குறாங்க. அவங்களுக்கு இனிமே சொல்லவே வேணாம், பாத்தாலே தெரிஞ்சிடும்.

பால்கனில இருந்து எல்லாரும் எறங்கியாச்சி, அம்மா மட்டும் எறங்கல. அக்கா கத்துது, "எம்மா, வாம்மா, வந்துடும்மா!" அம்மா செவுத்த ஒட்டி குத்துக்கால் போட்டு ஒக்காந்து, சேரையெல்லாம் தள்ளி உட்டுட்டு, தரைல எதையோ தேடுது. ஒரு ஆளு வெயிட்டுக்கு ஒன்னும் ஆவாது, எனக்கு தெரியும். பிரேக் முடிஞ்சி சைரன் ஊதிட்டாங்க, பீகார்க்காரன் ஹெல்மெட்ட மாட்டிக்கினு என்ன கூப்புடுறான். வீடியோல அம்மாவுக்கு அந்த விரிசல் கெடச்சிடுச்சி. ஒரு வெரல வச்சி, இந்த மூலைல இருந்து அந்த மூல வரைக்கும், மெதுவா தடவிக்கினே நவுந்து போவுது.